கென்ட் பீட ஓவியத்தை வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் புனித பாவோ பேராலயம் இருக்கிறது. அங்குள்ள ஓர் ஓவியத்தைப் பார்க்க அறுநூறு வருஷமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஓக் மரப்பலகைகளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. கதவுகளை விரித்தால் ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரம், 4.6 மீட்டர் அகலம் வரும். சகோதரர்கள் இருவர் செய்த வேலை இது. தொடங்கிய ஹூபர்ட் வான் ஐக் 1426இல் இறந்துபோனார். தம்பி யான் வான் ஐக் 1432இல் முடித்தார். இந்த விவரத்தைச் சொல்லும் நான்கு வரி லத்தீன் செய்யுள் ஒன்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் கடைசி வரியில் ரோமன் எண்களாகும் எழுத்துகளைக் கூட்டினால் 1432 வரும்.

இந்த ஓவியத்தைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி குறியீட்டுப் பட்டியல்தான். லில்லி என்றால் தூய்மை, புறா என்றால் தூய ஆவி, இப்படியே போகும். பட்டியல் தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓவியத்துக்குள் நுழைய முடியாது. இதைச் செய்தது ஒரு பலிபீடத்துக்கு மேலே வைப்பதற்காக. அந்தப் பீடத்தில் குரு அப்பத்தையும் ரசத்தையும் உயர்த்தும்போது அவருக்குப் பின்னால் தெரிய வேண்டிய காட்சி இது. உள்ளே இருக்கும் எல்லாக் குறியீடும் அந்தப் பீடத்தை நோக்கியே போகிறது. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நல்ல படமும் விவிலியத்தின் நான்கு அதிகாரங்களும்

கைப்பேசியில் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. "குளோசர் டு வான் ஐக்" என்ற இணையதளத்தில் ஒவ்வொரு பலகையையும் இலவசமாக, மிக நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கூடவே விவிலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமும் திருவெளிப்பாடு நூலின் 5, 7, 22ஆம் அதிகாரங்களும் போதும். கிறிஸ்தவப் பின்னணி இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், அரை மணி நேர வாசிப்புதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு ஓவியத்துக்குப் போனால் ஆடு ஏன் மேசைமேல் நிற்கிறது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள்.

படி 2: கதவை மூடிய நிலையில் தொடங்குங்கள்

இது அசையாத ஒரே படம் அல்ல. நடுவில் நான்கு பலகைகள் நிலையாக நிற்கின்றன. இரு பக்கமும் கீல் வைத்த எட்டுக் கதவுப் பலகைகள், ஒவ்வொன்றும் இருபுறமும் தீட்டப்பட்டவை. இந்த வகைப் பீட ஓவியங்களைச் சாதாரண நாட்களில் மூடி வைத்துவிட்டு, பெருவிழாக்களில் திறப்பது வழக்கம். மூடிய நிலையில் நிறம் அடங்கியிருக்கிறது. சாம்பலும் பழுப்பும் வெள்ளையுமே மேலோங்குகின்றன. திறந்ததும் சிவப்பும் பச்சையும் பொன்னும் கொட்டுகின்றன. காத்திருப்பு வெளியே, நிறைவேற்றம் உள்ளே. நேராக உள்ளே போய்விட்டால் இந்த வேறுபாட்டை இழந்துவிடுவோம்.

முதலில் கீழ் வரிசை. இரு ஓரங்களிலும் மண்டியிட்டிருப்பவர்கள் யோஸ் வைட், அவர் மனைவி எலிசபெத் போர்லூட். பணம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். நகரத்துப் பெரும்புள்ளிகள், பிள்ளைகள் கிடையாது. 1435இல், ஓவியம் வைக்கப்பட்ட சிற்றாலயத்தில் தினமும் திருப்பலி (குரு அப்பத்தையும் ரசத்தையும் உயர்த்தும் வழிபாடு) நடக்க நிலையான ஏற்பாடு செய்து வைத்தார்கள். வைட்டின் முகத்தில் மருவையும் சுருக்கத்தையும் ஓவியர் மறைக்கவில்லை. எலிசபெத்தின் முகமும் அப்படியே, அழகுபடுத்தப்படவில்லை.

இருவருக்கும் நடுவே இரண்டு யோவான்கள், கல்லில் செதுக்கிய சிலைபோலச் சாம்பல் நிறத்தில் நிற்கிறார்கள். கையில் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு விரலால் அதைச் சுட்டுபவர் திருமுழுக்கு யோவான். பாம்புகள் நெளியும் கிண்ணத்தைப் பிடித்திருப்பவர் நற்செய்தியாளர் யோவான். அவருக்குக் கொடுத்த நஞ்சு அவரை ஒன்றும் செய்யவில்லை என்ற பழைய மரபுக்கதைதான் பாம்பாக வந்திருக்கிறது. ஆலயத்தின் பெயர் அப்போது புனித யோவான் ஆலயம், அதனால் இந்தத் தேர்வு இயல்பானது. ஆனால் காரணம் அதோடு முடியவில்லை. "இதோ, கடவுளின் ஆட்டுக்குட்டி" என்று இயேசுவை நோக்கி விரல் நீட்டியவர் ஒருவர். அந்த வார்த்தையை எழுதி வைத்தவர் மற்றவர். இரண்டாமவரின் பெயரில் வழங்கும் திருவெளிப்பாட்டிலிருந்துதான் உள்ளே இருக்கும் காட்சி வருகிறது. ஒருவர் கையில் ஆட்டுக்குட்டி, மற்றவர் கையில் கிண்ணம். கதவு திறந்ததும் இவை இரண்டும் ஒரே இடத்தில் சேரும்.

படி 3: மங்கள வார்த்தைக் காட்சியில் எழுத்தைப் பாருங்கள்

மங்கள வார்த்தை என்பது, மரியா இயேசுவுக்குத் தாயாவார் என்று வானதூதர் அறிவித்த நிகழ்ச்சி. மேலே, நான்கு பலகைகளில் ஒரே அறை. இடது கோடியில் கபிரியேல் தூதர், கையில் லில்லித் தண்டு. வலது கோடியில் மரியா, தலைக்கு மேலே புறா. அறைக்கூரை தாழ்வானது. இருவரும் நிமிர்ந்து எழுந்தால் தலை முட்டிவிடும் போலிருக்கிறது.

தூதர் வாயிலிருந்து "அருள் நிறைந்தவரே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்ற லத்தீன் வாழ்த்து பொன்னெழுத்தில் நீள்கிறது. நாம் படிப்பது போலவே இடமிருந்து வலமாகப் போகிறது. "இதோ ஆண்டவருடைய அடிமை" என்ற மரியாவின் பதிலோ தலைகீழாக, வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கிறது. திரையைத் திருப்பிப் பாருங்கள், படிக்க முடியும். தூதருக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டியதால் வலமிருந்து இடம், சரி. தலைகீழ் எதற்கு? அந்தப் பதில் மேலே இருப்பவருக்கு. அவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

நடுவில் இரண்டு ஒடுங்கிய பலகைகள். ஒன்றில் சன்னல், அதன் வழியே ஒரு நகரத்தின் தெரு. மற்றதில் சுவர்மாடத்தில் கெண்டியும் தண்ணீர்ப் பாத்திரமும், பக்கத்தில் வெள்ளைத் துண்டும். பார்ப்பதற்கு வீட்டுச் சாமான்தான். ஆனால் குரு திருப்பலியில் கைகழுவப் பயன்படுத்துவதும் இதே சாமான்தான், மரியாவின் தூய்மைக்கான பழைய அடையாளமும் இதுவே. இந்தக் குறியீட்டை நான் நம்புவதற்குக் காரணம் வேறொன்றும் இருக்கிறது. அந்தப் பலகையின் மறுபக்கத்தில் யார் தெரியுமா? ஏவாள். கதவைத் திறக்கும்போது கழுவும் பாத்திரம் உள்ளே திரும்ப, ஏவாள் வெளியே வருகிறாள். ஏவாளால் வந்த கறையை நீக்க வந்தவர் மரியா என்று இடைக்காலக் கிறிஸ்தவர்கள் பேசிப் பேசிப் பழகிய விஷயம் ஒரே மரத்துண்டின் இரண்டு முகங்களாக நிற்கிறது.

மரியாவின் அறையில் ஒரு கண்ணாடிக் குப்பியும் உண்டு. ஒளி கண்ணாடியை உடைக்காமல் கடந்து போகிறது. கன்னி தாயானதற்கு அக்காலப் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வந்த உவமை இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரையில் விழும் சில நிழல்கள் படத்துக்குள் இருக்கும் பொருட்களுடையவை அல்ல, ஓவியச் சட்டத்துடையவை. ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஓவியம் முதலில் இருந்த வைட் சிற்றாலயத்திலும் சன்னல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது. நாசரேத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்குக் கென்ட் நகரத்துச் சூரியன் வெளிச்சம் கொடுக்கிறது.

உச்சியில் இருக்கும் அரைவட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஓரங்களில் செக்கரியா, மீக்கா என்ற இறைவாக்கினர் இருவர், நடுவில் சிபில்கள் எனப்படும் கிரேக்க, ரோமானியக் குறிசொல்லும் பெண்கள் இருவர். யூதரும் புறமதத்தாரும் வரப்போகிறவரை முன்னறிவித்தார்கள் என்பது இதன் பொருள். சிபில்களை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே அவர்களுக்கு ஒரு துணை வருகிறது.

படி 4: திறந்ததும் நடுக்கோட்டைப் பிடியுங்கள்

கதவு திறந்தால் மேலே ஏழு பலகை, கீழே ஐந்து பலகை. நூற்றுக்கணக்கான முகங்கள், கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள்.

உச்சியில் சிவப்பு உடையில் அரியணை மேல் இறைவன். அவருக்குக் கீழே, அடுத்த வரிசையின் வானத்தில், ஒளி வீசும் புறா. அதன் கீழே பீடத்தின் மேல் ஆட்டுக்குட்டி. அதன் மார்பிலிருந்து இரத்தம் பொற்கிண்ணத்தில் விழுகிறது. அதற்கும் கீழே நீரூற்று. ஊற்றின் தண்ணீர் ஒரு சிறு கால்வாயில் ஓடி ஓவியத்தின் அடிவிளிம்புக்கு வருகிறது. அங்கே படம் முடிகிறது, தண்ணீர் முடியவில்லை. விளிம்புக்கு நேர் கீழே இருந்தது சிற்றாலயத்தின் உண்மையான கல்பீடம். அங்கே குருவின் கையில் உண்மையான கிண்ணம்.

ஊற்றின் விளிம்பில் ஓவியரே விளக்கம் எழுதிவிட்டார். "கடவுளும் ஆட்டுக்குட்டியும் வீற்றிருக்கும் அரியணையிலிருந்து புறப்படும் வாழ்வளிக்கும் நீரூற்று இதுவே" என்பது அந்த லத்தீன் வரியின் கருத்து. திருவெளிப்பாடு 22ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து எடுத்தது. ஊற்று எட்டுப் பட்டை கொண்டது. பழைய திருமுழுக்குத் தொட்டிகளும் பல இடங்களில் எட்டுப் பட்டைதான். உயிர்ப்பின் நாளை வாரத்தின் எட்டாம் நாளாக எண்ணியதால் வந்த கணக்கு.

யோவானின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்றும் ஒரே சான்று தருகின்றன என்று சொல்லும். புறா, கிண்ணம், ஊற்று மூன்றும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தைப் படியுங்கள். இந்த ஓவியத்துக்கு ஒரு இறையியல் அறிஞர் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் நினைப்பது ஏன் என்று புரியும்.

படி 5: ஆட்டுக்குட்டியின் முகம்

ஆட்டுக்குட்டி நிற்கிறது. இரத்தம் பீறிடுகிறது, ஆனால் வலியோ தள்ளாட்டமோ இல்லை. திருவெளிப்பாடு 5ஆம் அதிகாரம் சொல்வதும் அதையே: கொல்லப்பட்டதுபோல் தோன்றி, நின்றுகொண்டிருந்த ஆட்டுக்குட்டி. பீடத்தின் முன்துணியில் மேலே யோவான் 1:29 எழுதியிருக்கிறது, உலகின் பாவத்தைப் போக்கும் ஆட்டுக்குட்டியைப் பற்றிய வரி. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குவதற்குச் சற்றுமுன் "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" என்று மன்றாடுகிறார்களே, அந்த வேண்டுதலுக்கு மூலமான வரி இது.

சுற்றிலும் பதினான்கு வானதூதர்கள். சிலர் கையில் சிலுவை, முள்முடி, கற்றூண், ஈட்டி, கடற்பஞ்சு என்று இயேசுவின் பாடுகளின் கருவிகள். முன்னால் இருவர் தூபக்கலசம் வீசுகிறார்கள். சிலுவையில் நடந்ததும் பீடத்தில் நடப்பதும் ஒரே பலி என்ற போதனைக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை.

இனி அந்த முகம். 2012 முதல் பெல்ஜியத்தின் அரச கலைப் பாரம்பரிய நிறுவனம் இந்த ஓவியத்தைக் கட்டம் கட்டமாகச் சீரமைத்து வருகிறது. வெளிப்பலகைகளின் பரப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு பிற்காலத்து மேற்பூச்சு என்று தெரியவந்தது. ஆட்டுக்குட்டியின் மேலும் அப்படி ஒரு பூச்சு, 16ஆம் நூற்றாண்டுக் கைவேலை. 1950களில் செய்த சுத்திகரிப்பில் பழைய காதுகள் வெளிப்பட, கொஞ்ச காலம் அதற்கு நான்கு காதுகள் இருந்தன! 2019இல் முழுப் பூச்சையும் எடுத்தபோது வெளிவந்த முகத்தில் கண்கள் மனிதக் கண்கள்போல முன்னோக்கி இருந்தன, நம்மை நேராகப் பார்த்தன. இணையம் சிரித்துத் தீர்த்தது. சீரமைத்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றுகூடப் பலர் நினைத்தார்கள்.

என் கருத்தில் இந்த முகம்தான் ஓவியத்தின் திறவுகோல். சாதுவான, அக்கம்பக்கம் பார்க்கும் ஓர் ஆட்டை நாம் வேடிக்கை பார்க்கலாம். நேராகப் பார்க்கும் ஆட்டை வேடிக்கை பார்க்க முடியாது, அது நம்மைப் பார்க்கிறது. ஒரு நபர் என்று சொல்லவே வான் ஐக் அப்படித் தீட்டினார். அதைப் பொறுக்க முடியாமல்தான் யாரோ சாதாரண ஆடாக மாற்றினார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. பழைய நூல்களில் உள்ள படத்தை வைத்து இந்த முகத்தைப் படிக்காதீர்கள். அதில் இருப்பது பூச்சு.

படி 6: கூட்டத்தைக் கையில் இருக்கும் பொருளால் அடையாளம் காணுங்கள்

எல்லா நாட்டினரும் குலத்தினரும் ஆட்டுக்குட்டியின் முன் கூடுவதாகத் திருவெளிப்பாடு 7ஆம் அதிகாரம் சொல்லும். அந்தக் கூட்டம் நான்கு மூலைகளிலிருந்தும் வருகிறது.

கீழே இடப்பக்கம் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர்கள் புத்தகம் விரித்து மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை உடை, தலையில் இலைமாலை அணிந்தவரை ரோமானியக் கவிஞர் வெர்ஜில் என்று அடையாளம் காண்கிறார்கள். வெளியே பார்த்த சிபில்களுக்குத் துணை இவர்தான். வெர்ஜிலின் கவிதை ஒன்றில் வரும் குழந்தைப் பிறப்பைக் கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்பாக இடைக்காலம் எடுத்துக்கொண்டது.

கீழே வலப்பக்கம் திருத்தூதர்கள், பின்னால் திருத்தந்தையரும் ஆயர்களும் மறைசாட்சிகளும் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள்). அங்கியில் கற்களை ஏந்தி நிற்பவர் ஸ்தேவான், கல்லெறிந்து கொல்லப்பட்டவர். இடுக்கியில் நாக்கைப் பிடித்திருக்கும் ஆயர் லிவினஸ், கென்ட் நகரத்தின் பாதுகாவலர்களில் ஒருவர். உள்ளூர்க்காரர்கள் முதலில் தேடியிருக்கக்கூடிய முகம் இது.

மேலே வலப்பக்கம் கன்னியர், கையில் குருத்தோலை. ஓலை என்றால் மறைசாட்சியத்தின் வெற்றி. குட்டி ஆட்டுடன் ஆக்னஸ், கோபுரத்துடன் பார்பரா, பூக்கூடையுடன் டொரோத்தி. மேலே இடப்பக்கம் மறைசாட்சியாக இறக்காமல் விசுவாசத்தில் வாழ்ந்து முடித்த ஆயர்களும் குருக்களும்.

பக்கக் கதவுகளில் இடப்பக்கம் குதிரையில் வருபவர்கள் நீதியுள்ள நடுவர்களும் கிறிஸ்துவின் வீரர்களும். வலப்பக்கம் நடந்து வருபவர்கள் வனத்துறவிகளும் திருப்பயணிகளும். துறவிகளுக்குப் பின்னால் தைலக் குப்பியுடன் மகதலா மரியா. பயணிகளுக்கு முன்னால் செந்நிறப் போர்வையுடன் மலைபோல் கிறிஸ்தோபர். அதிகாரம் உள்ளவன் குதிரையில், துறந்தவன் கால்நடையில், போகிற இடம் ஒன்றே. இந்தப் பலகைகளில் நிலமும் மாறுகிறது. வலப்பக்கத்தில் பேரீச்சை, சைப்ரஸ், ஆரஞ்சு போன்ற தென்னாட்டு மரங்கள். யான் 1428இல் பர்கண்டிப் பிரபுவின் தூதுக்குழுவோடு போர்ச்சுகல் போய்வந்தவர். கென்ட் இருக்கும் பிளாண்டர்ஸ் பகுதியின் குளிரில் பார்க்க முடியாத மரங்களைச் சொர்க்கத்தில் நட்டிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. புல்வெளியில் உள்ள பூ ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடாதீர்கள். தாவரவியலாளர்கள் பல டஜன் இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள், அவ்வளவு துல்லியமான வரைவு. மரியாவின் முடியில் உள்ள லில்லி, ரோஜாவுக்குப் பொருள் உண்டு. ஏனென்றால் அவை வைக்கப்பட்ட இடம் அப்படி. புல்லில் கிடக்கும் பூ பெரும்பாலும் பூதான். எழுத்து துணைநிற்கிறதா, வைத்த இடம் துணைநிற்கிறதா, வேறெங்காவது மீண்டும் வருகிறதா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

படி 7: மேல் வரிசையின் புதிர்

நடுவில் அமர்ந்திருப்பவர் தந்தையா, கிறிஸ்துவா? அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கீழே புறாவும் ஆட்டுக்குட்டியும் இருப்பதால் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளில் மிச்சமிருப்பவர் தந்தை என்று ஒரு தரப்பு. இருபக்கமும் மரியாவும் திருமுழுக்கு யோவானும் அமரும் பழைய அமைப்பில் நடுவில் இருப்பவர் எப்போதும் கிறிஸ்துதான் என்று மறுதரப்பு. அவருக்குப் பின்னால் உள்ள பட்டுத்துணியை நெருங்கிப் பாருங்கள். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா, திராட்சைக் கொடி, இயேசு கிறிஸ்துவின் பெயர். பறவையும் கொடியும் பலியையும் இரசத்தையும் குறிப்பவை. தலையிலோ திருத்தந்தையின் மும்முடி.

வான் ஐக் வேண்டுமென்றே இரண்டுக்கும் இடம் விட்டார் என்பது என் எண்ணம். கீழே பீடத்துணியில் இன்னொரு வரியும் இருக்கிறது, "வழியும் உண்மையும் வாழ்வும்" என்ற யோவான் 14:6. அதிலிருந்து மூன்று வசனம் தள்ளிப் படித்தால், என்னைக் கண்டவர் தந்தையைக் கண்டவர் என்று இயேசு சொல்கிறார். இந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஓவியம் கேட்கவில்லை.

பாடும் தூதர்களுக்கும் இசைக்கும் தூதர்களுக்கும் சிறகு இல்லை. புருவச் சுளிப்பும் வாய்த்திறப்பும் ஆளுக்கொரு மாதிரி, யார் எந்தக் குரலில் பாடுகிறார் என்று முகத்தை வைத்தே சொல்லலாம் என்பார்கள். ரசிக்கலாம், குறியீட்டுக்காக அதிகம் தோண்ட வேண்டியதில்லை.

கோடிகளில்தான் சரக்கு இருக்கிறது. ஆதாமும் ஏவாளும் கிட்டத்தட்ட ஆளுயரத்தில், ஆடையின்றி. ஆதாமின் பாதம் கீழிருந்து பார்ப்பதுபோல் தெரிகிறது, மாடத்தை விட்டு வெளியே அடியெடுத்து வைக்கிறான். கைகள் மட்டும் உடலைவிடச் சிவந்திருக்கின்றன, வெயிலில் வேலை செய்த உண்மை மனிதனின் கை. ஏவாள் கையில் இருப்பது ஆப்பிள் இல்லை, கரடுமுரடான எலுமிச்சை வகைக் கனி. அவர்கள் தலைக்கு மேலே கல்சிற்பம்போல் இரண்டு காட்சிகள். ஏவாளுக்கு மேலே காயின் ஆபேலைக் கொல்கிறான். ஆதாமுக்கு மேலே இருவரும் காணிக்கை செலுத்துகிறார்கள், ஆபேலின் கையில் ஓர் ஆட்டுக்குட்டி. விவிலியத்தின் முதல் ஆட்டுப் பலி அது. அங்கிருந்து கண்ணை நடுவில் இறக்குங்கள்.

1781இல் இங்கே வந்த, அப்போது இப்பகுதியை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்புக்கு இந்த நிர்வாணம் பிடிக்கவில்லை, பலகைகள் அகற்றப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் தோலாடை உடுத்திய நகல் ஆதாம், ஏவாளை வைத்தார்கள். ஏதேனிலிருந்து வெளியேறும்போது கடவுள் தோலாடை கொடுத்தார் என்பது தொடக்கநூலில் இருப்பதுதான். ஆனால் கால் வெளியே வைக்கும் இந்த நொடிக்கு அது பொருந்தாது.

படி 8: எது அசல் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்

1794இல் நடுப்பலகைகளைப் பிரெஞ்சுப் படை பாரிஸுக்குக் கொண்டுபோனது, 1815இல் திரும்பின. அதற்கடுத்த ஆண்டே கதவுகள் பல விற்கப்பட்டு, பிறகு பெர்லின் போய்ச் சேர்ந்தன. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்று 1894இல் அங்கே பலகைகளை முன்முகம் தனி, பின்முகம் தனி என்று தடிமனில் இரண்டாக அறுத்தார்கள். ஆதாம், ஏவாள் பலகைகள் பெர்லின் போகவில்லை, ஆனால் அங்கே போன கதவுகளில் இரண்டு முகங்களும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்த உறவு இப்படித்தான் அறுந்தது. முதல் உலகப்போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தத்தால் அவை கென்ட் திரும்பின. இரண்டாம் உலகப்போரில் ஓவியம் ஜெர்மானியர் கைக்குப் போய், ஆஸ்திரியாவின் ஆல்டவுசே உப்புச் சுரங்கத்திலிருந்து 1945இல் மீட்கப்பட்டது.

1934 ஏப்ரலில் ஒரு இரவு, நீதியுள்ள நடுவர்கள் பலகையும் அதன் பின்முகமாக இருந்த சாம்பல் நிறத் திருமுழுக்கு யோவானும் திருடு போயின. யோவான் திரும்பி வந்தார். நடுவர்கள் வரவில்லை. இன்று அங்கே இருப்பது யெஃப் வான் டெர் வெக்கன் செய்த நகல். 16ஆம் நூற்றாண்டில் மிகீல் கோக்சி செய்த பழைய நகலைப் பார்த்து வரைந்தது, ஒரு நடுவருக்கு மூன்றாம் லியோபோல்ட் அரசரின் சாயலும் கொடுத்திருக்கிறார். அந்தப் பலகையின் முகத்தையோ நிறத்தையோ வைத்து வான் ஐக் பற்றி எந்த வாதமும் செய்ய வேண்டாம்.

நேரில் போகிறவர்களுக்கு: 2021 முதல் ஓவியம் பேராலயத்தின் வேறொரு பெரிய சிற்றாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேல் வரிசைக்கான சீரமைப்பு 2023இல் தொடங்கியது. அதனால் எந்தெந்தப் பலகைகள் இடத்தில் இருக்கின்றன என்று போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய பைனாகுலர் ஒன்றும் எடுத்துப்போங்கள், ஊற்றின் விளிம்பில் உள்ள எழுத்துக்கும் கூழைக்கடாவுக்கும் வெறுங்கண் போதாது. அப்புறம் வைட் சிற்றாலயத்துக்கும் நடந்து போய் வாருங்கள். வலப்பக்கத்துச் சன்னல் எங்கே இருக்கிறது, பீடம் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றால்தான் கணக்கிட முடியும்.